எண்ணியதை எண்ணிப் பார்!

கம்பைநல்லூர்ச் சந்தையிலே ஒரு காட்சி.

புளிக் கூடையைத் தலையிலே சுமந்து வந்தாள் ஒரு மூதாட்டி. கோடை முழுதும் திண்ணையிலே உட்கார்ந்து, விரல் நோக, நகம் தேய, கொட்டை எடுத்துச் சேர்த்த புளி. வணிகர் முன்னே மின்தராசு. பொத்தானை அழுத்தினார், சிவப்பு எண்கள் மின்னின. மூதாட்டி அந்த எண்களைப் பார்க்கவில்லை. கூடையின் ஓரத்திலே கையை விட்டாள். துணியிலே சுற்றிய ஒரு பொருளை எடுத்தாள். அவிழ்த்தாள். பழைய இரும்புப் படிக்கல், ஒரு கிலோ, அடியிலே அரசாங்க முத்திரை.

"முதல்ல இதை வெச்சுக் காட்டு சாமி. அப்புறம் புளியை நிறுக்கலாம்."

வணிகர் சிரித்தார். "வெச்சுப் பாரு ஆயா, எனக்கென்ன பயம்?" என்றார். கல் ஏறிற்று, கணக்கு சரியாக நின்றது, புளி கைமாறிற்று. அடுத்த கடைக்காரரிடம் இன்னொருத்தி இதே கோரிக்கையை வைத்தாள். அவருக்கு வந்ததே கோபம்! "இருபது வருசமா வியாபாரம் பண்றேன், என் தராசுமேல சந்தேகமா? நம்பிக்கை இருந்தா நிறு, இல்லாட்டி நடையைக் கட்டு!" என்று சீறினார். அவள் சண்டையிடவில்லை, நடையைத்தான் கட்டினாள், சிரித்தவரின் கடைக்கு! அவள் பின்னே இன்னும் நாலு கூடைகள் நகர்ந்தன.

தோழர்களே! சீறியவரின் தராசு பொய்த் தராசு என்று யாரும் மெய்ப்பிக்கவில்லை. ஒருவேளை அது பத்தரைமாற்றுத் தராசாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் கூடைகள் ஏன் நகர்ந்தன? சோதிக்கவிடாத தராசு சரியாக நிறுத்தாலும் சந்தேகத்தைத்தான் நிறுக்கும். இது சந்தைக்குத் தெரிந்த அரசியல். தில்லியிலே அமர்ந்து நாட்டின் வாக்கை நிறுப்பவர்களுக்கு இது தெரியவேண்டாமா?

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் வாக்குப்பதிவு. ஜூன் 4 அன்று எண்ணிக்கை. இடையே 46 நாட்கள் எந்திரங்கள் பூட்டிய அறையிலே கிடந்தன. வாசலிலே துப்பாக்கி ஏந்திய காவல். வெளியிலே கட்சிக்காரரின் கண்காணிப்பு. எண்ணினார்கள், அறிவித்தார்கள், மாலையிட்டார்கள். பிறகு? வென்றவன் "எந்திரம் தங்கம்!" என்றான். தோற்றவன் "எந்திரம் திருடன்!" என்றான். அடுத்த தேர்தலிலே வென்றவன் தோற்றால் வசனமும் இடம் மாறும். நாடகம் எழுதுகிறவன் நான். ஆனால், ஒரே வசனத்தை ஆள் மாற்றிப் பேசும் இப்படியொரு நாடகத்தை எழுதும் துணிவு எனக்கு வந்ததில்லை!

இரண்டு பேச்சும் பிழை. பூசிப்பதும் வேண்டாம், ஏசுவதும் வேண்டாம், சோதிப்போம் என்பதே பகுத்தறிவுப் பாதை. வாக்குப்பதிவு முடிந்தபின், முடிவு எவர் பக்கம் சாய்ந்திருந்தாலும், எந்திரத்தையும் அதை இயக்கிய நிர்வாகத்தையும் தணிக்கை செய். அந்தத் தணிக்கையை மக்கள் முன்னே வை. இந்தக் கோரிக்கைதான் இன்றைய கட்டுரை.

இது மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்த கோரிக்கையா? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னே, 919, 921 ஆகிய ஆண்டுகளிலே, முதலாம் பராந்தகன் காலத்தில் உத்திரமேரூரிலே கல்லில் வெட்டிவைத்த குடவோலை விதிகளைப் பாருங்கள். குடத்தைச் சபையார் அனைவரும் காண உயர்த்திப் பிடிக்கவேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஓலையை எடுக்கவேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையிலே ஏந்தவேண்டும். கைக்குள்ளே வேறோர் ஓலை மறைந்திருக்கக் கூடாதல்லவா! அவர் படித்தபின் மற்றவர்களும் படிக்கவேண்டும். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய உறவினருக்கும் மறுபடி இடமே இல்லை!

அந்தச் சபையிலே உழுதவனுக்கும் பெண்ணுக்கும் இடமில்லை. நிலமும் மறையறிவும் உடைய ஒரு வகுப்பாரின் சபை அது. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது நம் வழக்கமன்று. ஆனால் ஒரு சிலருக்காக ஒரு சிலர் நடத்திய தேர்விலேயே விரித்த கையும் உயர்த்திய குடமும் வேண்டியிருந்தன என்றால், உழுதவனும், நெய்தவனும், கல்லுடைத்தவளும், களையெடுத்தவளும் ஒரே வரிசையிலே நின்று வாக்களிக்கும் இன்றைய தேர்தலுக்கு எத்தனை மடங்கு வேண்டும்!

எந்திரத்தை நாம் எப்படிச் சோதிக்கிறோம்? வாக்குப்பதிவு தொடங்கும் முன்னே முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் போடப்படுகின்றன. நாடகக்காரர் பேச்சில் சொன்னால், ஒத்திகை. ஒத்திகை நன்றாக நடந்ததென்பதற்காக அரங்கேற்றம் நன்றாக நடந்ததென்று சான்றிதழ் கொடுத்துவிட முடியுமா? அரங்கேற்றத்தைச் சோதிக்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: ஒப்புகைச் சீட்டு. பொத்தானை அழுத்தியதும் 7 வினாடிகள் கண்ணாடிக்குள்ளே தெரிந்து, பிறகு பெட்டிக்குள்ளே விழுகிறதே, அந்தத் துண்டுத்தாள். அதுதான் ஆயாவின் படிக்கல்! எந்திரம் சொல்லும் எண்ணை எந்திரத்தைச் சாராத ஒன்றால் நிறுத்துப் பார்க்கும் கல்.

அந்தக் கல்லும் தானாகக் கிடைத்ததன்று. 2013 அக்டோபர் 8 அன்று, இந்தச் சீட்டு நியாயமான தேர்தலுக்கு இன்றியமையாதது என்று உச்சநீதிமன்றம் சொன்ன பிறகே அது நாடெங்கும் பரவிற்று. 2019 ஏப்ரல் 8 அன்று, ஒரு சட்டமன்றப் பகுதிக்கு ஒரு சாவடி என்றிருந்ததை ஐந்து சாவடி என்று உயர்த்திற்று அதே நீதிமன்றம். தமிழகத்தின் 234 பகுதிகளுக்கும் சேர்த்து 1,170 சாவடிகள். 2024இல் மொத்தமோ ஏறத்தாழ 68 ஆயிரம்!

இது போதாதா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்கு ஆறு பகுதிகள்; சோதிக்கப்படுபவை 30 சாவடிகள்; 2024 கணக்குப்படி தொகுதியிலே ஏறத்தாழ 1,740 சாவடிகள். நூற்றுக்கு ஒன்று வீதம் 17 சாவடிகளிலே கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கி எடுக்கும் 30இல் அவற்றில் ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் மூன்று! மாநிலமெங்கும் பரவிய கோளாறை 1,170 காட்டிக்கொடுக்கும். ஒரு தொகுதியை மட்டும் தீண்டிய கோளாறோ 30இன் கண்ணிலே மண்ணைத் தூவிவிடும். 2024இல் விருதுநகர் 4,379 வாக்கு வேறுபாட்டிலே முடிவாயிற்று. 17 சாவடிகளில் சாவடிக்கு 130 வாக்குகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனாலே அந்த வேறுபாடு கரைந்துபோகும். அங்கே அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு எந்தச் சான்றும் இல்லை. வேறுபாடு குறுகும்போது சோதனை பெருகவேண்டும் என்பதற்காகவே கணக்கைக் காட்டினேன். இலட்சக்கணக்கிலே வென்ற தொகுதிக்கும் நாலாயிரத்திலே வென்ற தொகுதிக்கும் ஒரே 30 என்பது, கருவேப்பிலைக்கும் தங்கத்துக்கும் ஒரே தராசு வைப்பதுபோல அல்லவா?

மறுபக்கத்தையும் மறைக்கமாட்டேன். இதுவரை நாடெங்கும் 4 கோடிக்கு மேற்பட்ட சீட்டுகள் எண்ணி ஒப்பிடப்பட்டன. ஒருவருக்கு விழுந்த வாக்கு வேறொருவருக்குப் போனதாக ஒரு நிகழ்ச்சியும் கண்டறியப்படவில்லை என்பது ஆணையத்தின் வாதம். 2024 ஏப்ரல் 26 அன்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம் அதை ஏற்று, எல்லாச் சீட்டுகளையும் எண்ணவேண்டும் என்ற கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. நம் மேடைகளிலே இந்த உண்மையைச் சொல்லாமல் முழங்கினால், முழக்கம் இருக்கும், மதிப்பு இருக்காது.

"அப்படியானால் தணிக்கை எதற்கு?" என்று கேட்கிறாயா தோழா? எந்திரம் பிழை செய்யாவிட்டாலும் எழுதுகிற கை பிழை செய்யும் என்பதற்காக! ஹரியானாவிலே, பானிப்பட் மாவட்டத்தில் புவானா லாக்கு என்றோர் ஊர். 2022இல் ஊராட்சித் தலைவர் தேர்தல். ஒரு சாவடியிலே இரு வேட்பாளர்களின் எண்ணிக்கை இடம் மாறி எழுதப்பட்டது, தோற்றவர் வென்றவரானார். வழக்கு படியேறிப் படியேறி உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 2025இல் எந்திரங்களைத் தன் வளாகத்துக்கே வரவழைத்து எண்ணச் செய்தது நீதிமன்றம். தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் 51 வாக்கிலே வென்றிருந்தார்! எந்திரம் மெய் சொல்லிற்று. தாள் பொய் சொல்லிற்று. அதை உணர்த்த ஏறத்தாழ மூன்றாண்டு ஆயிற்று.

நம் மாநிலத்தையே பாருங்கள். 2024 ஏப்ரல் 19 மாலை 7 மணி நிலவரம் என்று அறிவிக்கப்பட்ட வாக்குப்பதிவு 72.09 விழுக்காடு. நள்ளிரவிலே அது 69.46 ஆயிற்று. இறுதியில் 69.72 என்றார்கள். வாக்குப்பதிவு ஏறும் என்று கேட்டிருக்கிறோம், இறங்கவும் செய்யுமோ? மாநிலத்தின் 6 கோடியே 23 லட்சம் வாக்காளரிலே, அந்த இறக்கம் ஏறத்தாழ 16 லட்சம் பேர்! முதலில் சொன்னது மதிப்பீடு என்றார்கள்; இருக்கலாம். அதே ஏப்ரல் 27 அன்று உதகையிலே, எந்திரங்கள் இருந்த அறைகளைக் காட்டும் கண்காணிப்புத் திரைகள் ஏறத்தாழ 20 நிமிடங்கள் இருண்டன, வெப்பத்தால் வந்த கோளாறு என்றார்கள், அதுவும் இருக்கலாம். இந்த 'இருக்கலாம்'களை எல்லாம் ஒன்றுதிரட்டி, என்ன நடந்தது, எதனால் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன வழி என்று ஆராய்ந்து ஓர் அறிக்கையாக நாட்டின் முன் வைத்தால் ஆணையத்தின் புகழ் குறையுமா, கூடுமா?

நம் தருமபுரிக்கும் இதிலே பாடம் உண்டு. 2019 தேர்தலிலே, சாவடிகள் கைப்பற்றப்பட்டன என்ற புகார் எழுந்து, பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்றப் பகுதியின் 8 சாவடிகளிலே மே 19 அன்று மறுவாக்குப்பதிவு நடந்ததே, நினைவிருக்கிறதா? அங்கே குறை எந்திரத்தின் நெஞ்சிலே இல்லை. எந்திரத்தைச் சுற்றி நின்றவர்களின் நடத்தையைப் பற்றியே புகார். ஆகவேதான் கருவியை மட்டுமல்ல, நிர்வாகத்தையும் தணிக்கை செய் என்கிறோம்.

அதே 2024 தீர்ப்பு ஒரு சிறு சன்னலையும் திறந்துவிட்டது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர், முடிவு வெளியான 7 நாட்களுக்குள் பணம் கட்டிக் கேட்டால், பகுதிக்கு 5 விழுக்காடு எந்திரங்களின் நினைவகத்தைச் சோதிக்கலாம். 2024இல் கட்டணம் எவ்வளவாக இருந்தது? ஓர் எந்திரத் தொகுப்புக்கு வரியோடு 47,200 ரூபாய்! நாடெங்கும் 542 தொகுதிகளிலே எண்ணிக்கை நடந்தது. கேட்டவர்கள் 8 வேட்பாளர்கள். மொத்தம் 92 சாவடிகள். தமிழகத்திலே வேலூரில் 6, விருதுநகரில் 14. அந்தச் சோதனையும் எளிதாக நடந்ததா? சோதிக்கும்போது உள்ளிருக்கும் பதிவை அழித்துவிடாதீர்கள் என்று 2025 பிப்ரவரியிலே உச்சநீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. கட்டணம் மிகுதி என்றும் சுட்டிக்காட்டவேண்டி வந்தது.

உரிமைக்கு விலைச்சீட்டு ஒட்டலாமா தோழர்களே? தணிக்கை தோற்றவரின் தனிச் சொத்தா? வாக்களித்தவனுக்கு அதிலே பங்கில்லையா?

சன்னல் திறந்த கையோடு கதவும் சாத்தப்பட்டது. 2024 டிசம்பர் 20 அன்று தேர்தல் நடத்தை விதிகளின் 93ஆம் விதி திருத்தப்பட்டது. கண்காணிப்புப் படப்பதிவு போன்றவற்றைப் பொதுமக்கள் கேட்டுப் பார்க்கும் வழி அடைபட்டது. 2025 மே 30 அன்று, வழக்கு ஏதும் தொடுக்கப்படாவிட்டால் 45 நாட்களுக்குப்பின் படப்பதிவை அழித்துவிடலாம் என்று ஆணையம் எழுதிற்று. வழக்குத் தொடுக்கச் சான்று வேண்டும். சான்றைப் பார்க்க வழக்கு வேண்டும்! கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதை கேட்டதில்லையா?

உலகைப் பாருங்கள். 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கிற்று. 2005 தேர்தலிலே பயன்பட்ட வாக்கு எந்திரங்கள் அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாதவை என்றது. மோசடி நடந்ததா? நடந்ததாகச் சான்றில்லை, ஆகவே தேர்தலை நீக்கவில்லை. ஆனால், தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் தேர்தலின் முக்கியப் படிகளைத் தானே சரிபார்க்க இயலவேண்டும் என்றது. கல்லூரியை இடையிலே விட்டு மேடைக்கு வந்தவன் நான்; எனக்கும், சந்தையிலே புளி நிறுத்த ஆயாவுக்கும் புரிந்தாலன்றி அது மக்கள் தேர்தலன்று என்று அந்த நீதிபதிகள் சொன்னதாகவே எனக்குக் கேட்கிறது!

2017 ஆகஸ்டிலே கென்யாவில் அதிபர் தேர்தல். கணினியின் உட்பதிவைத் திறந்து காட்டு என்றது உச்சநீதிமன்றம்; முழுமையாகக் காட்டவில்லை ஆணையம்; செப்டம்பர் 1 அன்று தேர்தலே செல்லாதென்றாயிற்று. 2020இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலே ஏறத்தாழ 50 லட்சம் வாக்குத் தாள்களைக் கையாலேயே மறுபடி எண்ணினார்கள். ஒரு மாவட்டத்திலே கணக்கில் சேராமற்போன ஏறத்தாழ 2,600 வாக்குகள் அகப்பட்டன. முடிவு மாறவில்லை. மாறாததும் தணிக்கையின் வெற்றிதான். தோற்றவனின் ஐயத்துக்கு விடை தாளிலே இருந்தது.

இந்திய ஆணையத்துக்கும் இத்தகைய நேர்மை புதிதன்று. முதல் பொதுத்தேர்தலை நடத்திய சுகுமார் சென், 1951–52 தேர்தலைப் பற்றிய தம் அறிக்கையிலே வெற்றியை மட்டும் எழுதவில்லை. தம் பெயரைச் சொல்லாமல், இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் பதிந்திருந்ததால் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலே இடமிழந்ததையும் எழுதினார். குறையை ஒப்புக்கொண்டதால் அவர் சிறுத்துப் போனாரா? இன்றும் அவர் பெயரை மதிப்போடு சொல்கிறோம்!

இனி, நம் வீட்டுக்குள்ளே வருவோம். பிறரைக் கேட்டோம், நம்மைக் கேட்கவேண்டாமா?

வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடித் தலைமை அலுவலர் ஒரு தாளை நிரப்புகிறார்: படிவம் 17சி. எந்திரத்தின் அடையாள எண், பதிவேட்டின்படி வாக்களித்தோர் தொகை, எந்திரத்திலே பதிவான மொத்த வாக்கு, முத்திரைத் தாள்களின் எண்கள் எல்லாம் அதிலே உண்டு. அங்கிருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் ஒரு படி கொடுக்கவேண்டும் என்பது விதி. எண்ணும் நாளிலே, அந்த எந்திரம்தானா இது, அந்தத் தொகைதானா இது என்று கேட்க நம் கையிலிருக்கும் ஒரே படிக்கல் அந்தத் தாள்!

2024 தேர்தலுக்குப் பிறகு, இந்தப் பக்கத்திலே முகவர்களாக இருந்த நம் தோழர்கள் சிலரை ஒரு திண்ணையிலே கூட்டிக் கேட்டேன்: "அந்தப் படி எங்கே?" ஒருவர் உடனே எடுத்து நீட்டினார், நெஞ்சு நிறைந்தது. இன்னொருவர் தலையைச் சொறிந்தார். ஒருவர், "பெட்டியைச் சீல் வெச்சாச்சு, பசி தாங்கலைங்க அண்ணே, கிளம்பிட்டேன்" என்றார். மற்றொருவரின் சட்டைப் பையிலிருந்த தாள் சலவையிலே கூழாகிவிட்டதாம்! காலை ஐந்து மணிக்கே சோறு தண்ணீரின்றிப் போய் உட்கார்ந்தவர்கள் அவர்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமலிருக்கவும் முடியவில்லை: தாளைத் தொலைத்துவிட்டுத் தில்லியிலே கணக்குக் கேட்கப் போகிறவன், தாயக்கட்டையைத் தொலைத்துவிட்டு ஆட்டத்திலே நியாயம் கேட்பவன்.

வெனிசுலாவிலே 2024 ஜூலை 28 அன்று அதிபர் தேர்தல். சாவடி வாரியான கணக்கை வெளியிடாமலே முடிவை அறிவித்தது ஆணையம். எதிர்க்கட்சி முகவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எந்திரம் அச்சிட்டுத் தந்த கணக்குச் சீட்டைச் சாவடி சாவடியாகச் சேர்த்து, 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எந்திரங்களின் கணக்கை உலகத்தின் முன் பரப்பிவைத்தார்கள். அறிவிப்பு அன்று மாறவில்லை. ஆனால் எது கணக்கு, எது கதை என்று உலகம் கண்டுகொண்டது. அதைச் செய்தது அவர்கள் தலைவர்களின் நாவன்று. பெயர் தெரியாத முகவர்களின் கை!

நாடகக் கொட்டகையிலே திரை விழுந்தபின், அரிதாரம் கலைக்கும் முன்னே நடக்கும் ஒரு வேலை உண்டு. கிழித்த சீட்டுகளின் அடிக்கட்டையை எண்ணி, பெட்டியிலே விழுந்த பணத்தோடு ஒப்பிடுவார் மேலாளர். கூட்டம் நிறைந்த நாளிலும் எண்ணுவார். காற்றாடிய நாளிலும் எண்ணுவார். எண்ணாத கொட்டகை நெடுநாள் நின்றதில்லை.

ஆகவே, நம் கோரிக்கைகள் தெளிவாகட்டும். வெற்றி வேறுபாடு குறையக் குறைய ஒப்புகைச் சீட்டு எண்ணுவது கூடவேண்டும். சீட்டுகளைக் கருவிகொண்டு எண்ணலாமா என்று ஆராயும்படி 2024 தீர்ப்பே கூறியிருக்கிறது. ஒவ்வொரு சாவடியின் 17சி படிவமும் அன்றே பொதுவிலே வரவேண்டும். எந்திரச் சோதனை, செய்தவர்களின் கையிலேயே நின்றுவிடாமல், சார்பற்ற வல்லுநர்களின் முன்னிலையில், கட்டணமின்றி, நாமே வென்ற தொகுதியிலும் நடக்கவேண்டும். படப்பதிவை மக்கள் பார்க்கவேண்டும். தேர்தல்தோறும் நிறையும் குறையும் எழுதிய தணிக்கை அறிக்கை நாடாளுமன்றத்திலே வைக்கப்படவேண்டும்.

நாமே வென்ற தொகுதியிலும் என்றேனே, அங்கே சிலருடைய புருவம் நெரிவது எனக்குத் தெரிகிறது. "வென்ற இடத்திலே எதற்கண்ணே வீண் வேலை?" அதற்காகத்தான் தம்பி! தோற்ற இடத்திலே கணக்குக் கேட்பவனை ஊர் 'புலம்புகிறான்' என்னும். வென்ற இடத்திலே கணக்குக் காட்டுபவனை ஊர் 'நம்பலாம்' என்னும். நமக்கு எது வேண்டும்?

அடுத்த தேர்தலிலே சாவடிக்குள்ளே நுழையும் ஒவ்வொரு கழகத் தோழனும் கையிலே எழுதுகோலும், பையிலே 17சி படிவத்துக்கு ஓர் உறையும் கொண்டு செல்லட்டும். பசித்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துக் காத்திருக்கட்டும். தாள் கைக்கு வந்தபின் எழுந்திருக்கட்டும். அந்தத் தாள்கள் ஒன்றியத்திலே சேர்ந்து, மாவட்டத்திலே குவிந்து, தலைநகரிலே மலையாகட்டும். அந்த மலைமீது நின்று கேட்போம். அப்போது நம் குரல் தில்லியிலும் எட்டும்.

கம்பைநல்லூர் ஆயா வணிகரைத் திட்டவில்லை. தராசைத் தூக்கி எறியவும் இல்லை. கல்லை வைத்தாள், காட்டு என்றாள், காட்டியதும் புளியைக் கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்த அரசியல் நமக்கும் தெரியட்டும். நாட்டின் தராசை நாம் உடைக்கப் போவதில்லை.

கல்லை எடுத்துக்கொண்டு வருகிறோம், காட்டச் சொல்லுங்கள்!